பால் கொட்டகை வரை

ஜெருபெட் ஐந்து வருடங்களாக, வருடத்துக்கு ஒருமுறை தோற்றுக்கொண்டிருந்தாள்.

கப்சிரோ முச்சந்தியில் கிளம்பி, பால் கொட்டகை வரை போய்த் திரும்பினால் முப்பது கிலோமீட்டர். செம்மண் சாலை, எட்டாயிரம் அடி உயரம். மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அதை ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் பெண்களில் முதல் மூன்று பேரைப் பயிற்சியாளர் பர்மசாய் ஐரோப்பாவின் வசந்தகால மாரத்தானுக்கு அனுப்புவார். சில வருடங்களில் மூன்று பேர் தேறுவார்கள். சில வருடங்களில் ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு குவளை பால் டீ கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்வார். ஜெருபெட்டின் சிறந்த நேரம் ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடம் நாற்பது விநாடி.

இந்த வருடத்தோடு சரி என்று அவளே முடிவு செய்திருந்தாள். வயது இருபத்தேழு. மகள் ஜெப்தும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நைவாஷாவில் ரோஜாத் தோட்டம் ஒன்றில் பூ வெட்டும் வேலைக்கு அவளுடைய அண்ணன் சொல்லி வைத்திருந்தான். வியாழனன்று தேறாவிட்டால் திங்கட்கிழமை பஸ். அங்கே காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை வேலை. அதற்குப் பிறகு ஓடுபவர்கள் யாரையும் எங்களுக்குத் தெரியாது.

அந்த மார்ச்சில்தான் ஃபின்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்காரி கைசு வந்து சேர்ந்தாள். மூன்று அலுமினியப் பெட்டிகள், ஒரு டிரெட்மில், அதற்கு ஒரு ஜெனரேட்டர். எங்கள் மலை விளிம்பிலிருந்து மட்டும் இத்தனை பேர் எப்படி உலகத்தை ஓடி ஜெயிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வந்திருந்தாள். நான் எல்டோரெட் நகரத்தில் எங்கள் மொழி வானொலிக்குச் செய்தி சேகரிப்பவன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றாள், போனேன்.

முதல் வாரம் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் எல்லோருடைய கெண்டைக்காலையும் அளந்தாள். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தாள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு பால் குடித்தீர்கள், பள்ளிக்கு எத்தனை தூரம் ஓடிப் போனீர்கள் என்று கேட்டாள். ஒருவன் இருபது கிலோமீட்டர் என்று கூசாமல் சொன்னான். அவன் வீடு வகுப்பறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுத்தி வந்தா இருபதுதான், ரேடியோ. நீ மொழிபெயர்க்கிற வேலையை மட்டும் பாரு" என்றான்.

ஜெருபெட்டின் முறை வந்தபோது அவள் கெண்டைக்காலைக் காட்டிவிட்டு, "சந்தையில மாட்டுக்குக்கூடப் பல்லை மட்டும்தான் பாப்பாங்க" என்றாள். பிறகு மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஏறினாள். கைசு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். காகிதச் சுருளில் கோடு ஏறிக்கொண்டே போனது. ஜெருபெட் இறங்கியபோது கைசு அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

"இவ முப்பது கிலோமீட்டரை எவ்வளவு நேரத்துல ஓடுவா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணு ஐம்பத்தொண்ணு நாற்பது."

"இல்லையே. இந்த உயரத்துல, இந்த மேடு பள்ளத்துலகூட ஒண்ணு நாற்பத்தேழு ஓடணும்."

மறுநாள் அவளை மறுபடி ஓடவிட்டாள். அதற்கு மறுநாளும். கோடு மாறவில்லை. வேறு பெண்கள் ஏழு பேரைப் பார்த்தாள். எல்லோரும் சாலையில் நான்கு நிமிடம் தாமதமாக இருந்தார்கள், ஒருவர் விடாமல். இயந்திரம் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி, துடைத்து, மாட்டினாள். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை காலை இயந்திரத்தின் மேல் இருந்த சந்தேகத்தை விட்டுவிட்டு, ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தில் அளவுமானி ஒன்றைப் பொருத்திக்கொண்டு சாலையை அளக்கக் கிளம்பினாள்.

எங்கள் ஊரில் ஓட்டத்துக்கு எண் கிடையாது, இடம்தான் உண்டு. இன்றைக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. எதுவரைக்கும் என்றுதான் கேட்பார்கள். மருந்தகம் வரை. செத்த பஸ் வரை. பால் கொட்டகை வரை. பதினைந்தாம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் கொட்டகை இருந்ததால் பால் கொட்டகை வரை என்றால் போக வர முப்பது. பாதிப் பேர் அந்தக் கொட்டகைக்குப் பால் ஊற்றுகிறவர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே போய்த் திரும்புவார்கள்.

எல் நினோ மழை பெய்த வருடம் ஓடை கரையுடைத்து, கொட்டகையையும் கல்லையும் சேர்த்துக் கொண்டுபோனது. பால் சங்கத்தார் அறுநூறு மீட்டர் தள்ளி, மேட்டின் மேல், வெள்ளம் எட்டாத இடத்தில் புதுக் கொட்டகை போட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். நானே வானொலியில் அந்தச் செய்தியை வாசித்திருக்கிறேன். கொட்டகை மாறியது, ஓட்டத்தின் பெயர் மாறவில்லை. ஆறு வருடங்களாக எல்லோரும் புதுக் கொட்டகை வரை போய்த் திரும்பி, முப்பது கிலோமீட்டர் ஓடினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முப்பத்தொன்று புள்ளி இரண்டு.

நாங்கள் சொன்னபோது பர்மசாய் தன் பழைய பிக்கப் வண்டியின் கீழே படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பானர் முறுக்கும் சத்தம் நின்றது.

"அந்த மழைக்கு அப்புறம்தான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அந்த வருஷம் எல்லாரும் நாலு நிமிஷம் மெதுவா ஓடினாங்க. ரோடு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் இவளுங்களுக்குச் சோம்பல்னு நெனச்சேன். என்ன திட்டு திட்டினேன் தெரியுமா?"

"அவங்க ஐரோப்பா போனா முப்பது கிலோமீட்டரை இதைவிட வேகமா ஓடுறாங்களே, அதுலகூட சந்தேகம் வரலையா?" என்றாள் கைசு.

"அங்க காத்து கெட்டி, ரோடு தட்டை. எல்லாரும் அங்க வேகமாத்தான் ஓடுவாங்க." ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா, இதைப் பாருங்க. ரோடு நீண்டதே தெரியாம, ரெண்டு வருஷத்துல நாலஞ்சு பேர் அந்த நாலு நிமிஷத்தை எட்டிப் பிடிச்சுட்டாங்க. நான் திட்டுனதுக்காக."

பிறகு வெளியே வந்து உட்கார்ந்தார். கையில் கிரீஸ். அப்படியே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஏடு எதுவும் பார்க்கவில்லை. ஐம்பதுக்கும் ஐம்பத்துநாலரைக்கும் இடையில் ஓடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள், வருடவாரியாக, விநாடியோடு. நாற்பத்தொரு பெண்கள் வரை நான் எண்ணினேன். ஜெருபெட்டின் பெயர் ஐந்து முறை வந்தது.

"இவங்க எல்லாருமே தேறினவங்களா?" என்று கைசு கேட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அவள் தாத்தா காலத்தில் ஃபின்லாந்தும் ஓடிக்கொண்டிருந்த நாடுதான். இப்போது அங்கே ஒரு நல்ல ஓட்டக்காரி கிடைத்தால் செய்தித்தாளில் படம் வரும் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள். இங்கே நாற்பத்தொரு பேரை டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பர்மசாய் என் பக்கம் திரும்பினார். "சாயங்கால அறிவிப்புல எனக்கு ரெண்டு நிமிஷம் குடு."

செவ்வாயும் புதனும், இறப்புச் செய்திகளுக்கும் தொலைந்த மாடுகளுக்கும் நடுவில், அதை வாசித்தேன். பால் கொட்டகை ஓட்டத்தின் தூரம் ஆறு வருடங்களாகத் தவறாக இருந்தது. தவறு பர்மசாயுடையது. இந்த வருடங்களில் ஓடித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள், விரும்பினால் வியாழன் காலை ஆறு மணிக்கு முச்சந்திக்கு வரலாம். இந்த முறை தூரம் சரியாக இருக்கும்.

புதன் இரவே ஜெருபெட்டின் கணவன் கிமாயோ பர்மசாயின் வாசலில் வந்து நின்றான். அவனும் ஒரு காலத்தில் ஓடியவன். மனைவி ஓடட்டும் என்று தன் போட்டிகளை விட்டுவிட்டு, ஐந்து வருடங்களாக அவளுக்கு முன்னால் காற்றுக்கு மறைப்பாக ஓடிக்கொண்டிருந்தான்.

"கோச், அவ அஞ்சு தடவை தேறியிருக்கா. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. மூணு இடத்துல ஒண்ணை அவளுக்குக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். ரேடியோல போட்டு ஊரையே கூப்பிடச் சொன்னது யாரு?"

"மத்த நாற்பது பேருக்கு?"

"அவங்க விட்டுட்டுப் போனவங்க. இவ விடலையே."

"போகச் சொன்னது நான், கிமாயோ."

"எனக்கு நாற்பது பேரைத் தெரியாது. எனக்கு ஒருத்தியத்தான் தெரியும்."

ஜெருபெட் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "வாயா, போதும்" என்றாள். "காலைல வண்டி ஓட்ட ஆள் வேணும்னாரு. கத்துனதுக்குத் தண்டனையா நீயே ஓட்டு."

வியாழன் காலை பனிமூட்டம் கனமாக இருந்தது. வழக்கமாக வரும் இருபது பெண்கள் முச்சந்தியில் நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தேமுக்காலுக்குச் சோளக்காட்டு ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு யூகலிப்டஸ் தோப்புப் பக்கமிருந்து இரண்டு பேர். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் பாதையில் நான்கு பேர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மூட்டத்துக்குள் உருவங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு ஆசிரியை. முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி, அதை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "அழுதா பாட்டுப் பாடு, நீதான் ரேடியோ ஆச்சே" என்றாள். பலருக்குக் காலணி இல்லை. ஒருத்தி கணவனின் காலணிக்குள் துணி திணித்துக் கட்டியிருந்தாள். சீருடைக் கால்சட்டையோடு ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், பெயர் தப்சபே. நான்கு வருடங்களுக்கு முன் ஐம்பத்திரண்டில் வந்து திருப்பி அனுப்பப்பட்டவள்.

யாரும் சத்தம் போடவில்லை. ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு, கைகுலுக்கி, நேரத்தைச் சொல்லிக்கொண்டார்கள். நீ எவ்வளவு, நான் ஐம்பத்துமூணு, எந்த வருஷம். கைசு எண்ண ஆரம்பித்து அறுபத்துமூன்றில் நிறுத்தினாள். அவளுடைய பெட்டிகள் பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்தன.

நிறைமாதமாக இருந்த ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பர்மசாயிடம் வந்தாள்.

"நான் ஓட வரல, கோச். கேக்க வந்தேன். மூணு வருஷம் முன்னாடி என் நேரம் என்ன?"

"ஒண்ணு ஐம்பத்திரண்டு பத்து."

"அப்ப நான் உள்ள வந்திருக்கணும்."

"ஆமா. அந்த வருஷம் ஒருத்திதான் போனா. நீ ரெண்டாவதாப் போயிருப்ப."

அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். அவர் தலை குனியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றாள். "டீ இருக்கா?"

பர்மசாய் தானே ஊற்றிக் கொடுத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, ஆறு வருஷமா உங்களைத் தப்பா அளந்துட்டேன் என்று ஒரே வாக்கியம் சொன்னார். சரியான பதினைந்தில் கைசு வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறாள், நானே அங்கே நிற்பேன், அங்கே திரும்ப வேண்டும், இன்றைக்கு ஆண்கள் யாரும் கூட ஓடக்கூடாது என்றார். கையைத் தட்டினார். அறுபது பெண்கள் மூட்டத்துக்குள் போனார்கள். மண்ணில் கால்கள் படும் சத்தம் மட்டும், மழை நெருங்கி வருவதுபோலத் தொடங்கி, விலகிப் போனது. குழந்தையை நிறைமாதக்காரியிடம் கொடுத்துவிட்டு நான் வண்டியில் ஏறினேன்.

பிக்கப்பின் பின்னால் கைசுவும் நானும். கிமாயோ ஓட்டினான். பர்மசாய் ஒரு மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். ஐந்தாவது கிலோமீட்டர் வரை யாரும் பிரியவில்லை. எங்கள் வழக்கம் அது. முன்னால் ஓடுபவள் ஒருத்தி அல்ல, கூட்டம். அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், முடியாதபோது விழ வேண்டும். தன் வேகத்தைப் பார்த்து ஓடுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். எட்டாவது கிலோமீட்டரில் உதிர ஆரம்பித்தார்கள். வருடக்கணக்கில் ஓடாதவர்கள் முதலில். நின்று, இடுப்பில் கையை வைத்து, போகும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்தாவதில் முப்பது பேர். பதினைந்தில் பத்தொன்பது.

சுண்ணாம்புக் கோட்டில் ஒரு விஷயம் நடந்தது. பர்மசாய் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். கோடு பளிச்சென்று தெரிந்தது. அப்படியும் முன்னால் வந்த எல்லோரும் கோட்டைத் தாண்டி, மேட்டை நோக்கி இரண்டு மூன்று அடி வைத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். செய்தி கால்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஜெருபெட் ஐந்து அடி வைத்தாள். தினமும் அந்த மேட்டில் பால் கேனோடு ஏறுகிறவள்.

"அஞ்சு அடி" என்றான் கிமாயோ, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி. வண்டியைத் திருப்பினான்.

திரும்பும் வழி ஏற்றம். இருபத்தைந்தில் ஆறு பேர். இருபத்தேழில் பர்மசாயின் முகாமில் தங்கி ஓடும் இரண்டு இளம் பெண்கள் விலகி முன்னே போனார்கள். பின்னால் ஜெருபெட், அவள் தோளுக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் தப்சபே. ஒரு இடம்தான் மிச்சம். தப்சபேயின் சீருடைக் கால்சட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது. அவள் கைகள் அழகில்லாமல் ஆடின, வாய் திறந்திருந்தது. ஆனால் பின்தங்கவில்லை. கடைசிக் கிலோமீட்டரில் ஜெருபெட் இரண்டு முறை வேகத்தைக் கூட்டி அவளை விட்டு விலகப் பார்த்தாள். இரண்டு முறையும் அந்த மூச்சுச் சத்தம் கூடவே வந்தது. மூன்றாவது முறை தப்சபே விலகி முன்னே போனாள்.

முகாம்காரிகள் இருவரும் ஒரு மணி நாற்பத்தாறுக்குள். தப்சபே நாற்பத்தாறு முப்பத்தொன்று. ஜெருபெட் நாற்பத்தாறு முப்பத்தைந்து.

கைசு நிறுத்துகடிகாரத்தைப் பிடித்த கையைக் கீழே இறக்காமலே நின்றாள். ஐம்பதுக்குள் பதினான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். பதினான்காவது ஆள் அந்த ஆசிரியை. வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வகுப்புக்கு மணி அடித்துவிடுவார்கள் என்று பள்ளியை நோக்கி ஓடினாள். உண்மையிலேயே ஓடினாள்.

தப்சபே தரையில் மல்லாந்து கிடந்தாள். "நாலு வருஷமா பயிற்சியே இல்லைன்னாங்களே" என்று அவளிடம் கேட்டேன்.

"ஸ்டேஷன் ஜீப்புக்கு எப்பவும் பெட்ரோல் இல்ல, அண்ணே. தினம் ஓடித்தான் ரோந்து. திருடங்களும் நம்ம ஊர்க்காரங்க. மெதுவா ஓடினா எப்படி?"

ஜெருபெட் சாலையோரம் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கைசு அவள் அருகே போய்க் குந்தினாள். எதையோ சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இவகிட்ட சொல்லுங்க. இன்னைக்கு ஓடின ஓட்டத்துக்கு, எங்க நாட்டுல இவளை ஜெயிக்க ஆளே கிடையாது."

சொன்னேன். ஜெருபெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அங்க பொம்பளைங்கல்லாம் என்ன வேலை பாக்கறாங்க?" என்றாள்.

நான் மொழிபெயர்த்ததும் கைசு முச்சந்தியைச் சுற்றிப் பார்த்தாள். ரத்தத்திலும் கெண்டைக்காலிலும் மூன்று வாரம் அவள் தேடியது வேறு. எதிரே இருந்தது இது: வானொலியில் இரண்டு நிமிட அறிவிப்பு வாசித்தால் அறுபத்துமூன்று பெண்கள் மூட்டத்திலிருந்து வெளியே வரும் ஒரு முச்சந்தி. சமையலறைகளிலும் வகுப்பறைகளிலும் காவல் நிலையத்திலும் அவர்கள் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான். எனக்கும் அது தெரியாது.

பர்மசாய் வந்து ஜெருபெட்டின் முன்னால் நின்றார். "மூணு பேர்தான்" என்றார்.

"தெரியும், கோச்."

"போன அஞ்சு வருஷம் நான் தப்பு."

"இன்னைக்கு யாரும் தப்பில்ல." காலணியைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். "இன்னைக்கு என்னை ஜெயிச்சது ஒரு ஆளு. அது பரவால்ல. கொட்டகைகிட்ட தோக்கறதுதான் கேவலம்."

அவள் குரல் அதற்குப் பிறகு உடைந்தது. கிமாயோ ஒரு குவளை டீயைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்தங்கியவர்கள் இரண்டு இரண்டு பேராக நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?" என்றான்.

"ஆறு."

"உங்க அண்ணங்கிட்ட சொல்லு, உனக்குப் பதிலா நான் வரேன்னு."

"பூ வெட்ட உனக்கு யாரு வேலை தருவாங்க? உன் கையைப் பாரு, மண்வெட்டி மாதிரி."

"பெட்டி தூக்க ஆள் வேணாமா?"

"ரோஜா முள்ளு குத்தும்."

"உன்கூட ஏழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், ஜெப்தும் அம்மா. முள்ளு ஒண்ணும் பண்ணாது."

அவள் டீயைக் குடித்தாள். "அஞ்சு அடி" என்றாள். "நாலு செகண்ட். பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லாம இருந்தியே."

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

திங்கட்கிழமை கிமாயோ ஒரு பையோடு பஸ் ஏறினான். செவ்வாய்க்கிழமை காலை, கைசுவின் பெட்டிகளை எல்டோரெட் கொண்டுபோக நாங்கள் அந்தச் சாலையில் வண்டியில் வந்தோம். எதிரே முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக இருபது பேர்தான். ஐரோப்பாவுக்குத் தேறிய மூவரும் அதில் இருந்தார்கள், பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தவர்களில் சிலரும் இருந்தார்கள். அடுத்த மார்ச் வரை ஒரு வருடம் இருக்கிறது. கைசு வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

பர்மசாய் மோட்டார் சைக்கிளில் அவர்கள் பக்கவாட்டில் வந்தார். சுண்ணாம்புக் கோடு வந்தது. மழை இல்லாததால் இன்னும் அழியவில்லை. கூட்டம் அதை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறியது.

"கோடு எதுக்குடி போட்டோம்?" என்று பர்மசாய் கத்தினார்.

"அது பரீட்சைக்கு, கோச்" என்றாள் முன்னால் ஓடிய ஜெருபெட்.

மேட்டின் உச்சியில் கொட்டகை வாசலில் பால் அளப்பவர் நின்றிருந்தார். அவள் தூணைத் தொட்டுத் திரும்பினாள். திரும்பும்போது, வேகத்தைக் குறைக்காமல், அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"என் கேனைக் கழுவி வைங்க, அண்ணே. சாயங்காலம் வரேன்."